புரட்டாசிக் கொத்தமல்லி: விற்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், வெருலம், டொங்காட் பக்கம் கால் ஏக்கர் வைத்திருப்பவர்கள் பொதுவாக விதையை வாங்கிப் போட்டுவிட்டு, அறுக்கும்போதுதான் வாங்க ஆள் தேடுவார்கள். ஆளைப் பிடித்துவிட்டு விதைப்பதே சரி. புரட்டாசி முழுக்க நம்மவர்கள் பலர் கறி, மீன் தொடமாட்டார்கள், காய்கீரை கேட்டு வருவார்கள். அதனால் பழகிப் பார்க்க இந்த மாதம் தோது. பயிர் கொத்தமல்லி. (டானியா என்று சொல்லுங்கள், இங்கே அதுதான் எடுபடும்.)

ஜூன் மாதமே மளிகைக்கடை, சாப்பாட்டுக்கடை, கோயில் சமையல்காரர் என ஐந்தாறு பேரிடம் கேளுங்கள்: வாரம் எத்தனை கட்டு, எந்தக் கிழமை, வேரோடா வேரில்லாமலா? சொன்னதில் பாதியை மட்டும் நம்புங்கள். பேச்சுக்கு நூறு கட்டு கேட்பவர் வாங்குவது ஐம்பதுதான்.

புரட்டாசி பிறப்பது செப்டம்பர் 17 வாக்கில். இங்கே ஜூலை குளிர்காலம், அப்போது விதைத்தால் கொத்தமல்லி கட்டுக்கு வர அறுபது நாள் ஆகும். ஆகவே முதல் விதைப்பு ஜூலை 20. அடுத்ததில்தான் பலர் சறுக்குவார்கள். வாரம் ஒரு பாத்தி என்று போட்டால், வெயில் ஏற ஏறப் பின்னால் போட்டது வேகமாக வளர்ந்து முன்னதை எட்டிவிடும். கடைசியில் இரண்டு பாத்தி ஒரே வாரத்தில் முற்றி நிற்கும். ஜூலை 20, 29, ஆகஸ்ட் 8, 18, 28 என்று ஒன்பது பத்து நாள் இடைவெளி விடுங்கள். அறுவடை ஏறக்குறைய வாரத்துக்கு ஒன்றாக விழும்.

1 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளப் பாத்தியில் ஐந்து வரிசை. விதை 50 கிராம் போதும். உருண்டை விதையைப் பலகையில் தேய்த்து இரண்டாக உடைத்து, இரவு முழுக்க ஊறவைத்து, 1 செ.மீ. ஆழத்தில் போடுங்கள். மளிகைக்கடை மல்லி மலிவுதான். ஆனால் பழசாக இருந்தால் பாதிகூட முளைக்காது. இருபது விதையை ஈரத்துணியில் பத்து நாள் வைத்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள். வெண்டையை இந்தச் சமயம் தொடாதீர்கள், குளிர்ந்த மண்ணில் விதை அழுகிவிடும்.

இங்கே குளிர்காலத்தில் மழை குறைவு, தண்ணீர் நாம்தான் விடவேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் உள்நாட்டுப் பக்கமிருந்து சூடான பெர்க் காற்று இறங்கும். வேர் காய்ந்தால் செடி இலையை விட்டுப் பூத்தண்டு விடும். பூத்தண்டு கண்டதை யாரும் வாங்கமாட்டார்கள். காற்று வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால் முந்தின மாலையே நன்றாக நனைத்துவிடுங்கள்.

விடியற்காலையில் வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, கட்டுக்கு 100 கிராம் கட்டுங்கள். வேரை மட்டும் ஈரச்சாக்கில் சுற்றுங்கள். இலை நனைந்தபடி பெட்டியில் அடைத்தால் மறுநாளே அழுகும்.

ஒரு பாத்தியில் 80 கட்டு தேறும் என்று வைப்போம். மொத்தச் சந்தையில் கட்டு 6 ராண்டுக்குப் போனால் 480. சந்தைக் கட்டணம், முகவர் கமிஷன் இரண்டும் சேர்ந்து 12.5 விழுக்காடு வரை போகும், கையில் 420. கடைக்கு நேராக 8 ராண்டுக்குக் கொடுத்தால் 640, ஆனால் பெட்ரோல் உங்களுடையது. ஒரே தெருவில் மூன்று கடை இருந்தால் கட்டுப்படியாகும். ஊருக்கு ஒன்றாகச் சிதறியிருந்தால் சந்தையே மேல்.

எந்தக் கடையில் எத்தனை கட்டு திரும்பியது என்பதை அன்றன்றே நோட்டில் குறியுங்கள். அடுத்த ஜூனில் பேச உட்காரும்போது அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவீர்கள்.