பனம்பழம் பிடிக்கும் விளையாட்டு: சோம்பல் கண்ணுக்கு ஒரு கட்டற்ற விஆர் கருவி

மாறுகண்ணோ, இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசமோ சின்ன வயதில் இருந்தால், மூளை ஒரு கண்ணின் படத்தை ஒதுக்கப் பழகிவிடும். அதுதான் சோம்பல் கண். கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினம் சில மணி நேரம் ஒட்டி மறைப்பது வழக்கமான சிகிச்சை. விஆரில் (போனை லென்ஸ் உள்ள பெட்டியில் போட்டு முகத்தில் மாட்டிப் பார்ப்பது) இரண்டு கண்ணும் திறந்தே இருக்கும்; நல்ல கண்ணுக்குப் போகும் படத்தை மட்டும் மங்கலாக்குவோம். இந்த வகைக் கருவியான லூமினோபியாவுக்கு 2021இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. அதே சமயம், 2016இல் வெளியான ஓர் ஆய்வில் ஐபேட் விளையாட்டு, ஒட்டி மறைப்பதை மிஞ்சவில்லை. அதனால் பிள்ளையின் கண்ணை ஒட்டி மறைப்பதை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பரிசோதனை முதலில்

திருநெல்வேலியிலேயே 1988 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. எங்கே காட்டினாலும் சரி, எந்தக் கண், என்ன பவர், மாறுகண் உண்டா என்று எழுதி வாங்குங்கள். பெரிய பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் மூளை ஒதுக்கி வைத்ததைக் கிளறினால் இரட்டைப் பார்வை வந்து, போகாமலே இருந்துவிடக்கூடும். மருத்துவர் பார்க்காமல் யார் கண்ணிலும் மாட்டக் கூடாது.

பெட்டி

அட்டையை வெட்டி ஒட்டலாம்தான். ஆனால் லென்ஸ் இடைவெளியை நகர்த்தக்கூடிய பிளாஸ்டிக் விஆர் பெட்டி வாங்குவதே என் யோசனை. பெரியவர்களின் கண்மணி இடைவெளி சராசரியாக 63 மி.மீ.; பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. கண்ணாடியோடு மாட்ட இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். முகம் படும் ஸ்பாஞ்சு ஆளுக்கு ஒன்று. மெட்ராஸ் ஐ பரவும் மாதத்தில் பெட்டியை இரவலே கொடுக்காதீர்கள்.

விளையாட்டு

பிரவுசரில் திறக்கும் ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு, அதில் படம் வரைய ஒரு கேன்வாஸ், அதை ஓட்டக் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் போதும். போனில் சேமித்துவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். திரையைக் குறுக்கே படுக்கவைத்து இரண்டாகப் பிரியுங்கள்: இடப்பாதி இடக் கண்ணுக்கு, வலப்பாதி வலக் கண்ணுக்கு. பின்னணி கறுப்பு.

மேலிருந்து பனம்பழம் விழும்; அது சோம்பல் கண்ணின் பாதியில் மட்டும். கீழே பிடிக்கும் ஓலைப்பெட்டி நல்ல கண்ணின் பாதியில் மட்டும். இரண்டு பாதியிலும் ஒரே மாதிரி ஒரு சட்டம் வரையுங்கள்; அதைப் பிடித்துத்தான் இரு படமும் ஒன்று சேரும். பிள்ளை ஒரு கண்ணை மூடினால் பழமோ பெட்டியோ மறைந்துவிடும், ஏமாற்ற வழியில்லை.

சட்டங்களின் நடுப்புள்ளி இடைவெளியை மாற்ற ஒரு ஸ்லைடர் வையுங்கள். திரைமேல் ஸ்கேல் வைத்து அளந்து, பிள்ளையின் கண்மணி இடைவெளிக்குக் கொண்டுவாருங்கள். மாறுகண் இருந்தால் இது மட்டும் போதாது; எவ்வளவு தள்ள வேண்டும் என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஓலைப்பெட்டியை நகர்த்த புளூடூத் கீபோர்டின் இட, வல அம்புக்குறிகள். போனைச் சாய்த்து நகர்த்துவது அழகுதான், ஆனால் சேமித்த கோப்பாகத் திறக்கும்போது சில பிரவுசர்கள் சென்சாரைத் தராது.

அந்த ஒரு எண்

சிகிச்சை என்று சொல்லத்தக்கது இந்த இடத்தில்தான் இருக்கிறது. நல்ல கண்ணின் ஓலைப்பெட்டியை எவ்வளவு மங்கலாக வரைகிறோம்? கேன்வாஸில் அதற்கு குளோபல்ஆல்ஃபா என்ற அமைப்பு உண்டு, 0 முதல் 1 வரை. பழம் எப்போதும் 1. ஓலைப்பெட்டிக்குக் குறைவாகத் தொடங்கி, பிள்ளை இரண்டையும் பார்க்கப் பார்க்க மெல்ல ஏற்றுவது வழக்கம்.

ஒரு சிக்கல்: 0.5 என்று போட்டால் திரையில் பாதி வெளிச்சம் வராது. திரைகளின் காமா (நாம் கொடுக்கும் எண்ணை வெளிச்சமாக மாற்றும் அடுக்கு) சுமார் 2.2 என்பதால் கிட்டத்தட்ட 22 சதவீதம்தான் வரும். நிஜமாகவே பாதி வேண்டுமென்றால் 0.73 போட வேண்டும். எனவே மருத்துவர் சொல்லும் வெளிச்ச அளவை 1/2.2 அடுக்குக்கு உயர்த்தி, வரும் எண்ணைக் குளோபல்ஆல்ஃபாவில் வையுங்கள். போனின் ஆட்டோ பிரைட்னஸ், நைட் லைட் இரண்டையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் போட்ட கணக்கெல்லாம் வீண்.

இந்த எண்ணை ஒரு பின் நம்பருக்குப் பின்னால் பூட்டி வையுங்கள். சீக்கிரம் சரியாகட்டும் என்று வீட்டில் யாராவது ஏற்றிவிடுவார்கள்.

பதிவேடு

தேதி, நிமிடம், அந்த எண், பிடித்த பழம், விட்ட பழம்: ஆட்டம் முடிந்ததும் ஒரு சிஎஸ்வி வரியாக (காற்புள்ளி வைத்துப் பிரித்து) எழுதுங்கள். நாங்குநேரி, வள்ளியூரிலிருந்து கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வருகிறவர்களுக்கு இது பெரிய உதவி. ஒரே பார்வையில் மருத்துவர் பல வார விளையாட்டைப் படித்துவிடலாம். சித்திரை வெயிலில் போன் சூடானால் ஆட்டம் திக்கும். ஆட்டம் ஓடும் வேகத்தையும் கூடவே பதிந்தால் பழம் தவறியது கண்ணாலா போனாலா என்று தெரியும்.

அப்புறம் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில், யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்ற ஜிபிஎல் உரிமத்தோடு ஏற்றுங்கள், விளக்கக் கோப்பைத் தமிழிலும் எழுதி. முதல் பக்கத்தில் "சோம்பல் கண் எது?" என்ற கேள்வி பெரிய எழுத்தில் இருக்கட்டும். இடம் வலம் மாறினால் நல்ல கண்ணுக்கே பயிற்சி போகும்.