கோமாளி மீன் பவளத்தில் குடியேறிவிட்டால் என்ன செய்வது?

கடல் சாமந்தி (கோமாளி மீன் இயல்பாகக் குடியிருக்கும் சீ அனிமோன்) இல்லாத கடல்நீர் மீன்தொட்டியில் கோமாளி மீன் சும்மா இருக்காது. சதைப்பற்றாக எது ஆடினாலும் அதில் போய்ப் படுத்துப் புரளும். டார்ச், ஹாமர், கோனியோபோரா, டங்கன் என எந்தப் பவளமும் தப்பாது. தோல் மாதிரி இருக்கும் லெதர் என்ற மென்பவளம் இதைத் தாங்கிக்கொள்ளும். ஹாமரும் டார்ச்சும் தாங்காது, காரணம் அவற்றின் எலும்புக்கூடு. ஒவ்வொரு கிளையின் உச்சியிலும் சதைக்கு அடியில் சுண்ணாம்புத் தகடுகள் கத்தி விளிம்பு மாதிரி நிற்கின்றன. மீன் வந்து மோதும்போது சதை சட்டென்று உள்ளே சுருங்கி அந்தத் தகடுகளில் அழுந்திக் கிழிகிறது. கிளையின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு வெள்ளை எலும்பு தெரிகிறதா? கிழிசல் தொடங்கிவிட்டது.

உப்புநீர் கலப்பது, தண்ணீர் மாற்றுவது எல்லாம் தெரிந்தவர்களுக்கே இந்தக் குறிப்பு.

படி 1: மீன்தான் காரணமா?

முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். உப்புத்தன்மை 35 பிபிடி, அல்கலினிட்டி (காரத்தன்மை) 8–9 டிகேஎச், கால்சியம் 420 பிபிஎம் அளவில் இருக்கட்டும். அடுத்து, படி 2-இல் சொல்லும் கூடையால் பவளத்தை 3 நாள் மூடிப் பாருங்கள். உள்ளே விரிந்தால் மீன்தான் காரணம். கூடைக்குள்ளும் சுருங்கியே கிடந்தால் நீரோட்டம், வெளிச்சம், தண்ணீர் இவற்றில்தான் கோளாறு. மீனைப் பிடித்துப் பயனில்லை.

படி 2: கூடை

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்.

எக் கிரேட் எனும் சதுரக் கண்ணி பிளாஸ்டிக் தட்டை வெட்டிப் பெட்டி செய்யச் சொல்வார்கள். அதன் கண்ணி ஏறக்குறைய ஒன்றரை செ.மீ. 4 செ.மீ. நீள ஆண் மீன் அதில் நெளிந்து நுழைந்துவிடும். பிறகு வெளியே வரத் தெரியாமல் பவளத்தின் மேலேயே நாள் முழுக்க அடித்துக்கொள்ளும். 5–6 மி.மீ. துளையுள்ள பிளாஸ்டிக் வலையோ சமையலறை வடிகூடையோ நல்லது. புதிதாக வாங்கி, ஓர் இரவு ஆர்ஓ தண்ணீரில் ஊறவைத்து எடுங்கள். கட்ட நைலான் டை போதும். இரும்புக் கம்பியோ ஈயக் குண்டோ உள்ளே போகக் கூடாது. மிதக்காமலிருக்க மேலே ஒரு பாறைத் துண்டு வையுங்கள்.

பவளம் முழுதாக விரிந்த நிலையில் எல்லாப் பக்கமும் 4 செ.மீ. இடைவெளி வேண்டும். டார்ச்சின் கைகள் பிளாஸ்டிக்கில் உரசினால் மீன் செய்த வேலையையே கூடையும் செய்யும். துளைகளில் பாசி அடைத்தால் நீரோட்டம் குறைந்து, உள்ளே அழுக்கு படிந்து பவளம் அழுகும். ஆகவே 3 நாளுக்கு ஒருமுறை பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, பெரிய சிரிஞ்சால் கிளைகளுக்கு நடுவே தண்ணீரைப் பீய்ச்சுங்கள்.

எத்தனை நாள்? நாட்காட்டியைப் பார்க்காதீர்கள், மீன் உறங்கும் இடத்தைப் பாருங்கள். விளக்கு அணைந்ததும் எங்கே போய் ஒதுங்குகிறதோ அதுதான் அதன் வீடு. தொடர்ந்து 7 இரவு வேறிடத்தில் உறங்கிய பிறகே கூடையை எடுங்கள், அதுவும் காலையில். மாலையில் எடுத்தால் உறங்கப்போகும் நேரத்தில் நேராகப் பழைய படுக்கைக்குப் போய்விடும்.

படி 3: வேறு படுக்கை

கோமாளி மீனுக்குப் பிடிப்பு பவளத்தோடு எவ்வளவோ, அந்த இடத்தோடும் அவ்வளவு. எனவே பவளத்தைக் கூடையோடு தொட்டியின் மறுகோடிக்கு நகர்த்திவிட்டு, அது இருந்த அதே இடத்தில் மாற்றை வையுங்கள்.

என் முதல் தேர்வு 10–12 செ.மீ. அகலமுள்ள காளான் வடிவ லெதர் பவளம். அதற்குக் கிழிக்கும் எலும்பு இல்லை, விலையும் குறைவு. தண்ணீரில் வேதிப்பொருள் விடும் என்பதால் வடிகட்டியில் ஆக்டிவேட்டட் கார்பன் ஓடட்டும். லெதர் பவளமும் வேண்டாம் என்றால் மெருகு பூசாத சிறு மண் தொட்டியைச் சாய்த்து வையுங்கள். முட்டையிடவும் அதையே எடுத்துக்கொள்ளும்.

கடல் சாமந்தியைத் தொடக்கக்காரர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். தொட்டிக்கு 6 மாத வயதாவது ஆகியிருக்க வேண்டும். பிடிக்காத இடத்திலிருந்து நகர்ந்துபோய் வழியிலுள்ள பவளங்களையெல்லாம் கொட்டும். மூடியில்லாத வேவ்மேக்கரில் (அலை எழுப்பும் பம்பில்) சிக்கிச் சிதைந்தால் தொட்டியே கெட்டுவிடும்.

படி 4: காயத்துக்கு

கிளையில் பழுப்பு நிறக் கூழ் (பரவும் அழுகல்) தெரிந்தால் அன்றே செயல்படுங்கள். பம்புகளை நிறுத்திவிட்டு, ஏர் குழாயால் கூழை உறிஞ்சி வாளியில் விடுங்கள், தொட்டியில் கலக்க விடாதீர்கள். அந்தக் கிளையைச் சதைக்கு 2 செ.மீ. கீழே வெட்டி எடுத்து, மீதியை அயோடின் டிப்பில் (பவளத்தை முக்கும் மருந்துக் கரைசலில்) புட்டியில் எழுதிய அளவும் நேரமும் பார்த்து முக்கி எடுங்கள். ஒரு கிளையைக் காப்பாற்றப் பார்த்தால் மொத்தப் பவளமும் போய்விடும்.

படி 5: மீனை மாற்றுவது

இணையில் பெரியது பெண். இடத்தைத் தேர்வது அதுதான், ஆண் பின்னாலேயே போகும். எனவே பெண்ணை மட்டும் தொட்டியில் தொங்கும் தனிப் பெட்டியில் 10 நாள் வைத்துப் பாருங்கள். விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, உறங்கும் இடத்தில் ஒளி ஊடுருவும் டப்பாவால் மொண்டு எடுங்கள். மரூன் வகைக் கோமாளி மீனுக்குக் கன்னத்தில் முள் உண்டு, வலையில் சிக்கிக்கொள்ளும். பெண்ணை நிரந்தரமாக விற்றுவிட்டாலும் முடிவு வராது: எஞ்சிய ஆண் சில மாதங்களில் பெண்ணாக மாறிவிடும்.

பிற்சேர்க்கை

மணலில் வைத்த பவளத்தின் மேல் மண் குவிந்தால், மீன் வாலால் குழி பறிக்கிறது என்று பொருள். அந்தப் பவளத்தை 10 செ.மீ. உயரப் பாறைக்கு ஏற்றினாலே போதும்.

மூன்று தலைக்கு (சதையுள்ள கிளை நுனிக்கு) குறைந்த டார்ச்சை கோமாளி மீன் இருக்கும் தொட்டியில் வைக்க வேண்டாம். ஆறேழு தலை வந்த கூட்டத்தில் மீன் மாறி மாறிப் படுப்பதால் அடி பரவிக் குறையும்.

இந்தியாவில் இருப்பவர்கள் கவனத்துக்கு: மன்னார் வளைகுடா உள்ளிட்ட நம் கடலின் கடினப் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை. கடலிலிருந்து எடுத்ததை எவர் விற்றாலும் வாங்காதீர்கள்.