ஒரே பெயர், வேறு வேறு ஆள்: வீட்டு அலமாரியில் ஔவையார்களைப் பிரிப்பது எப்படி?

வீட்டில் உள்ள புத்தகங்களுக்குப் பட்டியல் போட உட்கார்ந்தால் முதல் சிக்கல் ஆசிரியர் பெயரில்தான் வரும். என் அலமாரியில் புறநானூற்றுத் தேர்வு ஒன்றும் நல்வழி, மூதுரை உரைகளும் பல வருடம் ‘ஔவையார்’ என்ற ஒரே சீட்டின் கீழ் இருந்தன. நல்வழியின் கடைசிப் பாட்டு வரை ஒரு முறை நிதானமாகப் படித்த பிறகுதான் அந்தச் சீட்டைக் கிழித்தேன். அன்று செய்ததைப் படிப்படியாகச் சொல்கிறேன். ஒரு நோட்டும், உரையோடு கூடிய பதிப்புகளும் இருந்தால் போதும்.

படி 1: பெயரை நம்பாதீர்கள், நூலை முதலில் எழுதுங்கள்

நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: நூல், அட்டையில் உள்ள பெயர், உள்ளே பேசப்படும் மனிதர்கள், உள்ளே சொல்லப்படும் பிற நூல்கள், பாவகை. ‘ஔவை’ என்பதற்குத் தாய், மூதாட்டி என்றுதான் பொருள். மரியாதையாக அழைக்கும் சொல் என்பதால், வெவ்வேறு காலத்துப் புலவர்களுக்கு அது பெயராக அமைந்ததில் வியப்பில்லை. ஆகவே பெயர்க் கட்டம் ஒன்றாக இருந்தாலும் அவசரப்பட்டு நூல்களைச் சேர்த்துவிடாதீர்கள்.

படி 2: யாரைப் பாடுகிறார் என்று பாருங்கள்

சங்கத் தொகைகளில் ஔவையார் பெயரில் 59 பாடல்கள் உள்ளன. புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. புறப்பாடல்களைப் புரட்டினால் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி திரும்பத் திரும்ப வருவான். நெல்லிக்கனி தந்ததற்காக அவனை வாழ்த்துவது 91ஆம் பாட்டு. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நின்று பாடியது 95. அதியமான் இறந்தபின் பாடிய 235ஆம் பாட்டை அலமாரி வேலையை நிறுத்திவிட்டுப் படியுங்கள், அப்படிப்பட்ட கையறுநிலை (இறந்தவரை எண்ணி இரங்கும் பாட்டு) அது. இத்தனை பேரையும் மூன்றாம் கட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆத்திசூடியிலும் கொன்றைவேந்தனிலும் இப்படி ஒரு மன்னனும் இல்லை. அங்கே இருப்பது பிள்ளைகளுக்குச் சொல்லும் அறம்.

படி 3: நூல் எதைப் படித்திருக்கிறது?

தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இந்தப் படியைத்தான். ஒரு நூல் இன்னொரு நூலைப் பேர் சொல்லிக் குறிப்பிட்டால், அது அந்த இன்னொரு நூலுக்குப் பிறகே பிறந்திருக்க வேண்டும். நல்வழியின் 40ஆம் வெண்பாவை எடுங்கள். தேவர் குறள், மூவர் தமிழ், கோவை, திருவாசகம், திருமூலர் சொல் என்று வரிசையாகச் சொல்லி, எல்லாம் ஒரே வாசகம் என்று உணரச் சொல்கிறது. மூவர் தமிழ் என்றால் தேவாரம். சம்பந்தரும் அப்பரும் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர்கள், சுந்தரர் அவர்களுக்கும் பின்னவர். அதியமானோ சங்க காலத்தவன். நெல்லிக்கனி வாங்கியவரின் கை இந்த வெண்பாவை எழுதியிருக்க வழியில்லை. ஒரு பாட்டை வைத்துக்கொண்டு பல நூற்றாண்டு இடைவெளியை அளந்துவிடலாம் என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் விஷயம்.

படி 4: பாவகை, கொஞ்சம் எச்சரிக்கையோடு

சங்க ஔவையின் பாடல்கள் ஆசிரியப்பாவை, அதாவது அகவலை, ஒட்டியவை. மூதுரையும் நல்வழியும் வெண்பா. இதைப் பார்த்து ‘அகவல் என்றால் பழையவர்’ என்று முடிவு கட்டினால் விநாயகர் அகவலில் சறுக்கிவிடுவீர்கள். அது அகவல்தான், ஆனால் மூலாதாரம், குண்டலினி என்று யோகம் பேசுகிறது. சங்கப் பாடல்களில் விநாயகர் வழிபாடே கிடையாது. எனவே பாவகையைத் துணைச் சான்றாக மட்டும் வையுங்கள், படி 2-ஐயும் 3-ஐயும் மீற விடாதீர்கள்.

படி 5: இன்னும் சில பெயர்களில் பழகுங்கள்

சைவப் பாடல் தொகுப்பான பதினோராம் திருமுறையில் கோயில் நான்மணிமாலை முதலான ஐந்து நூல்களைப் பாடிய பட்டினத்துப் பிள்ளையாரும், ‘காதற்ற ஊசியும்’ என்ற வரியால் நாம் அறிந்த பட்டினத்தாரும் ஒருவரல்லர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அதே திருமுறையில் நக்கீரதேவ நாயனார், கபிலதேவ நாயனார், பரணதேவ நாயனார், கல்லாடதேவ நாயனார் என்ற பெயர்களும் உண்டு. மரபு இவர்களைச் சங்கப் புலவர்களோடு இணைத்துச் சொல்லும். ஆனால் பாரியைப் பாடிய கபிலரையும், மூத்த பிள்ளையாரை இரட்டைமணிமாலையில் பாடிய கபிலதேவ நாயனாரையும் அடுத்தடுத்துப் படித்தால் மொழியே வேறென்று காது சொல்லிவிடும். ‘தேவ நாயனார்’ என்ற பின்னொட்டை அப்படியே சீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: இக்கால எழுத்தாளர் என்றால் தலைப்பெழுத்தை விடாதீர்கள்

‘சித்திரப்பாவை’க்கு ஞானபீடம் பெற்ற அகிலன், அகிலாண்டம் என்ற இயற்பெயர் கொண்ட தமிழ்நாட்டு நாவலாசிரியர். ‘பதுங்குகுழி நாட்கள்’ எழுதிய பா. அகிலன் யாழ்ப்பாணத்துக் கவிஞர். ‘பா.’வை விட்டுவிட்டால் இரண்டு பேரும் ஒரே தட்டில் போய்விடுவார்கள். தலைப்பெழுத்தும் ஒன்றாக இருந்தால் பிறந்த ஆண்டையோ ஊரையோ சேர்த்து எழுதுங்கள். பின்னட்டைக் குறிப்பிலேயே பெரும்பாலும் கிடைத்துவிடும். ஐஎஸ்பிஎன் எண் இங்கே உதவாது, அது அந்தப் பதிப்புக்கான எண், ஆளுக்கான எண் அல்ல.

படி 7: சீட்டு எழுதுதல்

என் அலமாரியில் இப்போது மூன்று சீட்டுகள். ‘ஔவையார் (சங்கம்)’, ‘ஔவையார் (நீதிநூல்)’, ‘ஔவையார் (விநாயகர் அகவல்)’. அகவலையும் நீதிநூல்களையும் பாடியவர் ஒருவரே என்று கொள்வோரும் உண்டு. அதை உறுதி செய்யும் சான்று என் நோட்டின் கட்டங்களில் இன்னும் விழவில்லை என்பதால் மூன்றாவது சீட்டைத் தனியாகவே வைத்திருக்கிறேன், பென்சிலில் எழுதி.