கேலரிக்குள் இறங்கும் புதுப் பொறியாளர்களுக்கு

மேட்டூர் மாதிரி, தன் எடையாலேயே தண்ணீரைத் தாங்கி நிற்கும் அணைகளில் பணிக்கு வரும் பிள்ளைகள், அந்த வயதில் நாங்கள் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். டார்ச்சை மறப்பது, பாசியில் வழுக்குவது எல்லாம் ஒரே வாரத்தில் சரியாகிவிடும். மற்றவற்றைச் சொல்கிறேன்.

கசிவு குறைந்தது என்று மகிழ்வது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். அணையின் அடியிலும் பாறை இடுக்கிலும் புகும் தண்ணீர் அணையை மேலே தூக்கப் பார்க்கும். 50 மீட்டர் தண்ணீர் நின்றால், நீர்ப்பக்க அடியில் சதுர மீட்டருக்கு 50 டன் அழுத்தம். அதை இறக்கிவிடத்தான் அணைக்குள்ளேயே ஓடும் சுரங்கப்பாதையான கேலரியில் வடிதுளைகள் போட்டிருக்கிறார்கள். பிரான்சில் பூசே அணை 1895இல் உடைந்து 80 பேருக்கு மேல் இறந்ததற்கு, இந்த மேலுந்து விசையைக் கணக்கில் எடுக்காததும் ஒரு காரணம்.

கான்கிரீட்டிலிருந்து கரைந்து வரும் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்து துளையை அடைக்கும். கசிவை அளக்க வைத்திருக்கும் V வடிவ வெட்டுப் பலகையான வி-நாட்சில் அளவு இறங்கும். உடனே பதிவேட்டில் 'திருப்தி' என்று எழுதிவிடுகிறார்கள். தண்ணீர் எங்கேயும் போகவில்லை ஐயா, உள்ளேயேதான் முட்டிக்கொண்டு நிற்கிறது!

மலைமேல் ஓர் அணையில், பெரிய அதிகாரி வருகிறார் என்று, தரை சொதசொதவென இருக்கக் கூடாதென ஓடுகிற துளைகளையே சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டார்கள். தரை காய்ந்தது, பாராட்டும் கிடைத்தது. உள்ளே நிற்கும் நீரின் அழுத்தத்தைக் காட்டும் பக்கத்துப் பீசோமீட்டர் ஏறியதை யாரும் பார்க்கவில்லை. அப்புறம் அவற்றைத் திரும்பத் துளைக்க, ஆள் நிமிரவே முடியாத அந்த இடத்துக்கு துளையிடும் ரிக்கைக் கழற்றிக் கழற்றி இறக்கினோம். பூசியவர் அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார்.

நீர்மட்டம் எழுதாமல் கசிவை மட்டும் எழுதுவது

அந்த எண் எதற்கும் உதவாது. மார்கழிக் குளிரில் கான்கிரீட் சுருங்கி இணைப்புகள் விரியும், கசிவு கூடும். அதே மட்டம், அதே மாதம் பார்த்து ஒப்பிடுங்கள்.

மண் அணைப் பாடத்தை அப்படியே கொண்டுவருவது

பவானிசாகரின் நீண்ட கரை மண்ணால் ஆனது. அங்கே கசிவு கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது. இங்கேயும் கலங்கல் கெட்ட செய்திதான், ஆனால் தெளிந்த நீர் திடீரென நின்றாலும் விசாரிக்க வேண்டும்.

வெள்ளம் வந்தபின் ஷட்டரை ஓட்டிப் பார்ப்பது

பருவமழைக்கு முன்பே.

சைரன் ஊதியதுமே டர்பைனைக் கிளப்புவது

எப்போது எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று சொல்லும் லோடு டிஸ்பாட்ச் அவசரப்படுத்தத்தான் செய்யும். ஆடிப்பெருக்கில் கீழே குழந்தைகளோடு குளித்துக்கொண்டிருப்பவர்கள், டர்பைன் விடும் தண்ணீர் வருமுன் கரையேற நேரம் வேண்டாமா? ஆற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.