உணர்வு நரம்புத் தரவில் ஒற்றைத் தலைவலி மரபணுக்களைத் தேடும் முறை

ஒற்றைத் தலைவலியோடு தொடர்புள்ளதாகச் சொல்லப்படும் மரபணு ஒன்று உணர்வு நரம்பில் வெளிப்படுகிறதா என்று பார்க்க விரும்புபவர், மரபணுவின் பெயரைத் தட்டச்சு செய்வதற்கு முன், தாம் திறந்திருப்பது எந்தத் திசுவின் தரவு என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூளையுறையிலிருந்து வலியை எடுத்துச் செல்லும் நரம்பணுக்களில் பெரும்பாலானவற்றின் உடற்பகுதி (உட்கரு இருக்கும் பகுதி), மண்டையோட்டின் அடித்தளத்திலுள்ள முக்கிளை நரம்பு முடிச்சில் இருக்கிறது. மனிதத் திசுக்களில் மரபணு வெளிப்பாட்டைப் பதிவு செய்துள்ள, பலரும் எடுத்துப் பார்க்கும் ஜிடெக்ஸ் (GTEx) தரவுத்தொகுப்பில் நரம்பு என்ற பெயரில் கிடைப்பதோ, காலில் ஓடும் டிபியல் நரம்பு. அதில் நரம்பிழைகளும் அவற்றைச் சுற்றியிருக்கும் ஸ்வான் செல்களும் உண்டே தவிர, நரம்பணுக்களின் உட்கருக்கள் இல்லை. அங்கே ஒரு மரபணு தென்படாததை வைத்து, அது உணர்வு நரம்பணுவில் வெளிப்படவில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

முடிச்சின் தரவே கிடைத்தாலும், திசுவை மொத்தமாக அரைத்து எடுத்த ஆர்.என்.ஏ.வைவிட (மரபணு வெளிப்படும்போது உருவாகும் நகல்), உட்கரு வாரியாகப் பிரித்து அளந்ததையே நான் நம்புவேன். ஒவ்வொரு நரம்பணுவையும் துணைச் செல்கள் பல சூழ்ந்திருப்பதால், மொத்த அளவீட்டில் நரம்பணுவின் பங்கு நீர்த்துப்போகிறது.

அடுத்து, விடை தெரிந்த மரபணு ஒன்றால் தரவைச் சோதியுங்கள். அதற்குக் கால்சிஏ (CALCA) என்ற மரபணு ஏற்றது. தைராய்டில் இதன் 4ஆம் எக்ஸான் (இறுதி ஆர்.என்.ஏ.வில் இடம்பெறும் மரபணுத் துண்டு) சேர்ந்து கால்சிட்டோனின் என்ற ஹார்மோன் உருவாகிறது. நரம்பணுவிலோ அது விலக்கப்பட்டு, 5ஆம், 6ஆம் எக்ஸான்கள் சேர்ந்து, 37 அமினோ அமிலங்கள் கொண்ட, ஒற்றைத் தலைவலியில் பங்குள்ள சிஜிஆர்பி (CGRP) என்ற புரதத்துண்டு உருவாகிறது. ஆகவே மரபணுவின் மொத்த எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், எந்த எக்ஸானில் வாசிப்புகள் (வரிசையறியப்பட்ட ஆர்.என்.ஏ. துண்டுகள்) விழுகின்றன என்று பார்க்க வேண்டும். சிஜிஆர்பி வந்து ஒட்டும் ஏற்பி உருவாக, கால்சிஆர்எல் (CALCRL), ராம்ப்1 (RAMP1) என்ற இரண்டு மரபணுக்களும் ஒரே செல்லில் வெளிப்பட வேண்டும். 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற எரெனுமாப் என்ற ஒற்றைத் தலைவலித் தடுப்பு மருந்து மறிப்பது இந்த ஏற்பியைத்தான்.

இதன் பிறகே, நோய் உள்ளவர்களின் மரபணுத்தொகை முழுவதையும் இல்லாதவர்களுடையதோடு ஒப்பிடும் மரபணுத்தொகை ஆய்வுகளின் பட்டியலுக்கு வர வேண்டும். 2022இல் வெளியான பெரிய ஆய்வு, ஒற்றைத் தலைவலி உள்ள 1,02,084 பேரின் தரவிலிருந்து, மரபணுத்தொகையில் நோயோடு தொடர்புள்ள 123 இடங்களைக் காட்டியது. அந்த இடங்களுக்கு மிக அருகிலுள்ள மரபணுதான் காரணம் என்பதில்லை. மேலும், பல மரபணுக்கள் இரத்தக் குழாய்களிலும் வெளிப்படுவதால், அந்தத் திசுவின் தரவையும் பக்கத்தில் வைத்தே ஒப்பிட வேண்டும். 2011இலேயே பட்டியலில் இடம்பெற்ற, குளிரை உணர உதவும் டிஆர்பிஎம்8 (TRPM8) போன்ற மரபணுக்கள் நரம்பணுக்களில் ஒரு சிறு பிரிவில் மட்டுமே மிகுதியாக வெளிப்படுகின்றன. எல்லாச் செல்களுக்குமான சராசரியில் அவை மறைந்துவிடும் என்பதால், எத்தனை விழுக்காடு செல்களில், எந்தப் பிரிவில் என்று தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.