லேண்ட்லைன் பாக்ஸை வேறு அறைக்கு மாற்றுவது எப்படி

வீட்டுக்குள் ஓடும் டெலிபோன் வயர் லேசில் கெடாது. கெடுவதெல்லாம் ஜாயின்ட்தான். காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று வடசென்னையின் கடலோரப் பக்கம் கேட்கவே வேண்டாம். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்டை இரண்டு மழைக்காலம் கழித்துப் பிரித்தால் செம்பு மேல் பச்சையாகப் பொடி பூத்திருக்கும், டேப்பின் பசை கறுப்பாக ஒழுகியிருக்கும். லைனில் எந்நேரமும் டிசி ஓடிக்கொண்டிருக்கிறது. உப்பு ஈரம் சேர்ந்தால் இரண்டு கம்பிக்கும் நடுவே கரண்ட் கசியும். அதில் பாசிட்டிவ் கம்பி கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப் போகும். அதனால் பழைய பாக்ஸிலிருந்து புதிய இடம் வரை நடுவில் வெட்டாத ஒரே வயராக இழுக்க வேண்டும். பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க ஒட்டுப்போட்டால், அக்டோபர் மழையில் போன் கரகரக்கும்.

வீடுகளுக்கு லைன் பிரியும் தெரு டிபி பெட்டியிலிருந்து வரும் கறுப்பு டிராப் வயர், அது வீட்டில் வந்து முடியும் முதல் ரோசெட் பாக்ஸ் (சுவரில் இருக்கும் சின்ன இணைப்புப் பெட்டி) இரண்டும் கம்பெனியைச் சேர்ந்தவை. அவற்றை இடம் மாற்ற வேண்டுமானால் லைன்மேனைக் கூப்பிடுங்கள். ஆனால் பெரும்பாலும் அதற்குத் தேவையே இருக்காது. முதல் பாக்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், அதிலிருந்து நாம் உள்ளே இழுத்துக்கொள்ளலாம்.

முதலில் வயர் போகிற வழியில் ஒரு சணல் கயிற்றைப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். கதவு நிலையைச் சுற்றுவது, மூலைகளில் வளைவது எல்லாம் அதிலேயே கணக்காகிவிடும். முகப்பு குறுகி உள்ளே நீளும் வீடுகளில் ஹாலிலிருந்து பின்னறைக்கு 12 முதல் 15 மீட்டர் ஆகும். இரண்டு முனைக்கும் அரை அரை மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். வாங்க வேண்டியது 0.5 மி.மீ. செம்பு, இரண்டு ஜோடி உள்ள இன்டோர் டெலிபோன் வயர். வீட்டில் மிச்சம் கிடக்கும் கேட்-5 நெட்வொர்க் கேபிளும் போதும். நீல ஜோடியை மட்டும் பயன்படுத்தினால் சரி.

பாரிமுனையிலோ ரிச்சி தெருவிலோ வாங்கும்போது முனையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்புப் பூச்சு போட்ட அலுமினியம், காந்தம் ஒட்டினால் இரும்பு. இரண்டுமே வேண்டாம். முழுச் செம்பா என்பதை வயரை இழுத்த பிறகும், முதல் பாக்ஸில் மாட்டும் முன் சோதிக்கலாம். ஒரு முனையில் இரண்டு கம்பியையும் சேர்த்துவிட்டு, மறுமுனையில் மல்டிமீட்டரை ஓம்ஸில் வையுங்கள். 15 மீட்டர் வயருக்கு 3 ஓம்ஸ் சுற்றிக் காட்டும். நாலைத் தாண்டினால் சந்தேகப்படுங்கள்.

கிளிப் 30 செ.மீ.க்கு ஒன்று. 12 மீட்டருக்கு நாற்பது வரும், ஐம்பதாக வாங்குங்கள். கான்கிரீட்டில் ஆணி வளையும், பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் ஆணி நிற்காமல் உதிரும். சௌகார்பேட்டை, மண்ணடி, ராயபுரத்துப் பழைய வீடுகளில் சுவரோடு மல்லுக்கட்டாமல், மர நிலையிலும் மேல் விளிம்பிலும் கிளிப் அடித்துக்கொண்டு போவது சுலபம். சுவரில்தான் பாக்ஸ் வேண்டும் என்றால், 6 மி.மீ. பிட்டில் துளை போட்டு, தூசியை ஊதி எடுத்து, வெள்ளை சிமென்டைக் குழைத்து நிரப்பி அதில் ராவல் பிளக்கைச் சொருகுங்கள். ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் ஸ்க்ரூ முடுக்குங்கள்.

கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே போன் வயரையும் நுழைப்பது பலர் செய்யும் தவறு. காதில் 'உம்ம்' என்று இரைச்சல் வரும். அதைவிட, உள்ளே இன்சுலேஷன் போனால் 230 வோல்ட் நேராகப் போனுக்கே வந்துவிடும். தனி கேசிங் போடுங்கள். பக்கத்தில் இணையாகப் போக வேண்டியிருந்தால் ஓர் அடி தள்ளியிருக்கட்டும், குறுக்கே தாண்டுவதானால் நேர்குறுக்காகத் தாண்டட்டும்.

பாக்ஸ் எந்த உயரத்தில் இருக்க வேண்டும்? வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை மாதிரி தண்ணீர் ஏறும் இடங்களில், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சுவரில் தண்ணீர் நின்ற கோட்டுக்கு ஓர் அடி மேலே வையுங்கள். வெளிச்சுவர் வழியாக வயரை எடுத்தால் துளை வெளிப்பக்கம் சரிவாக இருக்கட்டும். நுழையும் முன் வயரை ஒரு சிறு வளைவாகக் கீழே தொங்கவிட்டால் மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இனி இணைப்பு. போன் சும்மா இருக்கும்போது லைனில் 48 வோல்ட் டிசி. அதில் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த நேரம் பார்த்து யாராவது கூப்பிட்டால் 75 வோல்ட் ஏசி வரும், கையைத் தூக்கிவாரிப் போடும். வயரைப் பல்லால் உரிக்கிற ஆட்களுக்கு இது நன்றாகத் தெரியும். வேலைக்கு முன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டால் வெளியிலிருந்து மணி வராது. போன் இல்லையென்றால் முதல் பாக்ஸில் நம் பக்கத்து வயரைக் கடைசியாக மாட்டுங்கள்.

வெளித்தோலை 5 செ.மீ. உரியுங்கள், கம்பியின் தோலை 1 செ.மீ. மட்டும். பிளேடு செம்பில் பட்டுக் கீறினால், பாக்ஸ் மூடியை அழுத்தும்போது கீறிய இடத்திலேயே ஒடியும். கம்பியை ஸ்க்ரூ சுற்றும் திசையிலேயே, அதாவது கடிகாரச் சுற்றில் வளைத்து வைத்தால் முடுக்க முடுக்க உள்ளே இழுத்துக்கொள்ளும். எதிர்ப்பக்கம் வளைத்தால் பிதுங்கி வெளியே வந்துவிடும். முதல் பாக்ஸின் ஸ்க்ரூவில் ஏற்கெனவே லைன் கம்பி இருக்கும். அதோடு நம் கம்பியைச் சேர்க்கும்போது நடுவே ஒரு வாஷர் போடுங்கள்.

ஒன்றாக முறுக்கியிருக்கும் ஜோடியையே எடுங்கள். ஒரு ஜோடியில் ஒன்று, இன்னொரு ஜோடியில் ஒன்று என்று கலந்தால் போன் பேசும், ஆனால் இரைச்சல் பிடிக்கும். அந்த லைனில் பிராட்பேண்ட் இருந்தால் வேகமும் விழும். மிச்ச ஜோடியை வெட்டாமல் சுருட்டி விடுங்கள். சாக்கெட்டில் நாலு கம்பி இருக்கும், வேண்டியது நடுவில் உள்ள சிவப்பும் பச்சையும்தான். வேறு வழியே இல்லாமல் நடுவில் ஒட்டுப்போட நேர்ந்தால், உள்ளே ஜெல் நிரம்பிய கனெக்டரைப் போட்டு, கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

மூடுவதற்கு முன் மல்டிமீட்டரை 200 வோல்ட் டிசியில் வைத்துப் பாருங்கள். ரிசீவர் போன் மேல் வைத்தபடி இருக்கையில் 48 பக்கம், ரிசீவரை எடுத்தால் 6 முதல் 12 வரை காட்ட வேண்டும். பூஜ்யம் என்றால் நம் வயரை முதல் பாக்ஸில் கழற்றி அங்கே அளந்து பாருங்கள். அங்கே வோல்ட் இருந்தால் கோளாறு நம் பக்கம், இல்லாவிட்டால் லைன்மேன் பாடு. மொபைலிலிருந்து கூப்பிட்டும் பாருங்கள். ஒரு மணி அடித்துக் கட் ஆகிறதென்றால் எங்கோ ஈரக்கசிவு. யாரோ போனை எடுத்துவிட்டதாக எக்ஸ்சேஞ்ச் நினைத்துக்கொள்கிறது.

ஒரே லைனில் இரண்டு மூன்று போனுக்கு மேல் வைத்தால் மணிச்சத்தம் குறையும். செம்பு லைனில் மோடம் இருந்தால், போனையும் பிராட்பேண்டையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரை முதல் பாக்ஸிலேயே வைத்து, மோடத்துக்குத் தனி ஜோடியும், அறைகளுக்கு ஸ்ப்ளிட்டரின் போன் பக்கத்திலிருந்து இன்னொரு ஜோடியும் இழுங்கள். பழைய அறைகளுக்குப் போய் எங்கும் முடியாமல் தொங்கும் வயர்களை பாக்ஸிலிருந்து கழற்றுங்கள். அவை சும்மா இருந்தாலும் வேகத்தைத் தின்னும்.

ஃபைபருக்கு மாறியவர்களும் வீட்டில் ஓடும் செம்பு வயரை அப்படியே பயன்படுத்தலாம். ஃபைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டியின் போன் போர்ட்டிலிருந்து ஒரு கார்டை எடுத்துப் பக்கத்துச் சாக்கெட்டில் சொருகினால் எல்லா அறையிலும் டயல் டோன் வரும். ஆனால் அதற்கு முன், முதல் பாக்ஸில் தெருவிலிருந்து வரும் பழைய ஜோடியை உள் வயரிலிருந்து கட்டாயம் பிரித்துவிடுங்கள். செத்துப்போன லைன் என்று நினைத்து விட்டுவைத்த ஜோடியில் எக்ஸ்சேஞ்ச் வோல்ட் இன்னும் இருந்தால் ஓஎன்டியின் போன் போர்ட் போய்விடும். கழற்றிய இரண்டு முனைக்கும் தனித்தனியாக டேப் சுற்றி, பாக்ஸுக்குள் எதிரெதிர் மூலையில் மடித்து வையுங்கள்.