செரிமானத்தைச் சமையல்மேடையில் செய்து பார்ப்பது எப்படி?

சாப்பாடு எங்கே செரிக்கிறது என்று வீட்டில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். வயிற்றைத் தொட்டுக் காட்டுவார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. தமிழில் இரைப்பையும் வயிறுதான், குடலும் வயிறுதான், தொப்புளைச் சுற்றி எங்கே வலித்தாலும் வயிற்றுவலிதான். ஆனால் நோய் காரணமாக இரைப்பையை முழுதாக எடுத்துவிட்ட பிறகும் மனிதர்கள் வாழ்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், பி12 ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். சிறுகுடல் மொத்தமும் போய்விட்டால் வாய்வழிச் சாப்பாட்டை வைத்து உயிர்வாழ முடியாது. பெரிய வேலை எங்கே நடக்கிறது என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். ஊகித்தது போதாது, கண்ணால் பார்க்க வேண்டும் என்பவர்களுக்குத்தான் இந்தச் செய்முறை.

தேவையானவை: ஓர் இட்லி, சோள மாவு, பால், வினிகர், சமையல் எண்ணெய், பாத்திரம் கழுவும் லிக்விட், ஒரு டர்க்கி டவல், ஒரு பழைய வேட்டித் துண்டு, கண்ணாடி டம்ளர் நான்கு, காயத்துக்குத் தடவும் போவிடோன் அயோடின் (தண்ணீராக இருப்பது, களிம்பு வேண்டாம்). அப்புறம் ஒரு ஸ்பூன் எச்சில். அதைக் கடையில் தேட வேண்டியதில்லை.

படி 1: வாய்

அயோடின் மருந்தில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து வெளிர் டீ நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். அதில் ஒரு சொட்டை இட்லி மேல் விடுங்கள். விட்ட இடம் கருநீலமாகும். மாவுச்சத்து இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இப்போது அரை ஸ்பூன் சோள மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவையுங்கள். கஞ்சி நீர்க்க இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் சோதனை இழுத்துக்கொண்டே போகும். இதை மூன்று டம்ளர்களில் நான்கு நான்கு ஸ்பூனாக ஊற்றுங்கள். முதல் டம்ளர் அப்படியே இருக்கட்டும். இரண்டாவதில் வாயைக் கொப்பளித்த பிறகு சுரக்கும் எச்சில் அரை ஸ்பூன். மூன்றாவதில் முதலில் ஒரு ஸ்பூன் வினிகர், பிறகு அரை ஸ்பூன் எச்சில். மூன்றையும் வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள தட்டில் பதினைந்து நிமிடம் வைத்துவிட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு அயோடின் விடுங்கள்.

முதல் டம்ளர் கருநீலமாகும். இரண்டாவதில் அந்த நிறம் வராது; ஊதாவோ செம்பழுப்போ எட்டிப் பார்க்கலாம், நன்றாக வேலை நடந்திருந்தால் அயோடினின் மஞ்சள் மட்டும் மிஞ்சும். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தின் நீண்ட சங்கிலியை வெட்டிச் சின்னச் சின்ன சர்க்கரைத் துண்டுகளாக்கிவிட்டது. வெறும் சோற்றை ஒரு நிமிடம் மென்றால் இனிப்புத் தட்டுவதும் இதனால்தான். மூன்றாவது டம்ளர் மறுபடி கருநீலம்! எச்சில் இருந்தும் புளிப்பில் அமைலேஸ் செயலிழந்துபோனது. இரைப்பையின் அமிலத்துக்குள் விழுந்ததும் எச்சிலுக்கு நேர்வதும் இதுதான். ஆக, எச்சில் தொடங்கிவைக்கும் வேலை பாதியில் நிற்கிறது. மிச்சத்தை முடிக்க ஆள் இன்னும் கீழே இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. முதல் தடவை நான் வினிகருக்குப் பதில் எலுமிச்சம்பழம் பிழிந்துவிட்டேன். நிறமே வரவில்லை. புளிப்பிலும் எச்சில் வேலை செய்கிறது என்று முடிவு கட்டி, பிள்ளைகளிடம் அப்படியே சொல்லியும் விட்டேன். சந்தேகத்தில் எச்சிலே சேர்க்காமல் கஞ்சியில் எலுமிச்சை விட்டுப் பார்த்தால் அதிலும் நிறமில்லை. அயோடினின் நிறத்தை அழித்தது எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி. ஒரு பொருள் சேராத டம்ளரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. இந்த எலுமிச்சை விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான்காம் படியில் திரும்ப வரும்.

படி 2: தொண்டை

விரலைக் குரல்வளை மேட்டில் வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்குங்கள். மேடு மேலே ஏறி இறங்கும். அது ஏறும்போதுதான் குரல்வளை மூடி கவிழ்ந்து மூச்சுக்குழாயை அடைக்கிறது. பேசிக்கொண்டே சாப்பிட்டால் இந்தக் கணக்கு தவறிப் புரை ஏறும். யாரும் நினைப்பதால் அல்ல. அதன் பிறகு 25 செ.மீ. உணவுக்குழாய், சில விநாடிகள். குழாயின் தசை பின்னாலிருந்து பிசைந்து தள்ளுவதால் படுத்துக்கொண்டு விழுங்கினாலும் உணவு போய்ச் சேரும்.

படி 3: இரைப்பை

கால் டம்ளர் வெதுவெதுப்பான பாலில் இரண்டு ஸ்பூன் வினிகர் விடுங்கள். பால் திரியும். பால் குடித்துக் கொஞ்ச நேரம் கழித்துக் கைக்குழந்தை கக்கினால் தயிர் போலக் கட்டி கட்டியாக வரும், பார்த்திருப்பீர்கள். பால் கெட்டதாலோ கண் பட்டதாலோ அல்ல. இரைப்பை பாலைத் திரிப்பது அதன் வழக்கமான வேலை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் புரதத்தின் முடிச்சை அவிழ்க்க, பெப்சின் என்ற நொதி அதை வெட்டத் தொடங்குகிறது. இட்லியில் உள்ள உளுந்தின் புரதத்துக்கும் இதே கதிதான்.

இது பிசையும் வேலை மட்டுமல்ல, ரசாயன வேலையும்தான் என்பதை உயிருள்ள மனிதரின் இரைப்பையிலேயே நேரில் பார்க்க ஒரு துப்பாக்கி வெடிக்க வேண்டியிருந்தது. 1822 ஜூனில், அமெரிக்காவின் மாக்கினாக் தீவில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கூலித் தொழிலாளியின் விலாவில் குண்டு பாய்ந்தது. ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் அவரைக் காப்பாற்றினார். காயம் ஆறியது, இரைப்பைக்குள் போகும் ஓட்டை மட்டும் மூடவில்லை. 1825 முதல் போமான்ட் பட்டு நூலில் இறைச்சியையும் ரொட்டியையும் கட்டி அந்த ஓட்டை வழியே இறக்குவார், நேரம் பார்த்து வெளியே இழுப்பார். இரைப்பை நீரைக் குப்பியில் எடுத்துச் சூடாக வைத்திருந்தால் உடலுக்கு வெளியேயும் இறைச்சி கரைவதைப் பார்த்தார். 1833-இல் புத்தகம் வந்தது, போமான்டுக்குப் பெயரும் வந்தது. செயின்ட் மார்ட்டின் அவர் வீட்டிலேயே வேலைக்காரராகவும் இருந்தார். 1880-இல் அவர் இறந்தபோது, மருத்துவர்கள் உடலைக் கேட்டு வந்துவிடக் கூடாது என்று குடும்பத்தார் அது அழுகும் வரை வைத்திருந்து ஆழக் குழி தோண்டிப் புதைத்தார்கள். எனக்கு அந்தக் குடும்பத்தின் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

படி 4: சிறுகுடல்

முதலில் கொழுப்பு. அரை டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுக் கலக்குங்கள். சற்று நேரத்தில் எண்ணெய் மேலே திரண்டு நிற்கும். இப்போது நான்கு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டுக் கலக்குங்கள். எண்ணெய் பொடிப் பொடித் துளிகளாக உடைந்து தண்ணீரே வெள்ளையாகும். பித்தநீர் செய்வது இதைத்தான். கல்லீரலில் ஊறி, பித்தப்பையில் காத்திருந்து, எண்ணெய்ப் பண்டம் வந்ததும் குடலில் இறங்குகிறது. துளிகள் சிறிதானால்தான் கணையத்திலிருந்து வரும் நொதிக்குக் கொழுப்பு எட்டும். எச்சில் பாதியில் விட்ட மாவுச்சத்தை வெட்டும் அமைலேஸும் அதே கணையத்திலிருந்துதான் வருகிறது. அமிலத்தைத் தணிக்கும் காரநீரையும் கூடவே அனுப்புவதால் இந்த அமைலேஸுக்கு அந்த மூன்றாவது டம்ளரின் கதி இல்லை.

வெட்டினால் போதுமா, உறிஞ்ச வேண்டாமா? வேட்டித் துண்டையும் டர்க்கி டவலையும் ஒரே அளவுக்கு மடித்து வைத்து, இரண்டின் மேலும் ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர் விடுங்கள். எது முதலில் வழியவிடுகிறது என்று எண்ணுங்கள். டவல் ஏன் அதிகம் பிடிக்கிறது என்று பார்க்க அதன் நூல் சுருள்களை விரலால் நீவிப் பாருங்கள். சிறுகுடலின் உள்சுவரிலும் அப்படித்தான் குடலுறிஞ்சிகள் நிற்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குள். இவற்றை விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானம் என்று ரொம்ப நாளாகச் சொல்லிவந்தார்கள். 2014-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அளந்து பார்த்து 30 சதுர மீட்டர் அளவுக்குத்தான் வரும் என்றார்கள். பாட்மிண்டன் மைதானத்தில் பாதிகூட இல்லை. சுருட்டி வைத்த ஒரு குழாய்க்கு அதுவே ஏராளம்.

எலுமிச்சைக்கு வருவோம். கீரையிலும் கேழ்வரகிலும் பயறிலும் உள்ள இரும்பைக் குடல் சுலபத்தில் எடுத்துக்கொள்ளாது. அயோடினின் நிறத்தை அழித்த அதே வைட்டமின் சி, அந்த இரும்பையும் குடல் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றிக்கொடுக்கிறது. என் சோதனையைக் கெடுத்த குணம் சாப்பாட்டில் நல்ல குணம். ஆகவே சுண்டலிலோ கீரையிலோ எலுமிச்சை பிழிவதானால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள். சூட்டில் வைட்டமின் சி வீணாகும். டீ இதற்கு நேர் எதிர், இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பவர்கள் ஒரு மணி நேரம் தள்ளிப்போடலாம்.

படி 5: பெருங்குடல்

இங்கே சமையல்மேடை உதவாது, பொறுமைதான் உதவும். ஒரு நாள் மதியம் வேகவைத்த மக்காச்சோளம் ஒரு கை நிறைய சாப்பிட்டு நேரத்தைக் குறித்துவையுங்கள். முத்தின் தோல் நார்ச்சத்து. அதை வெட்டும் நொதி நம்மிடம் இல்லை. மஞ்சள் தோல் மறுபடி எப்போது கண்ணில் படுகிறதோ அதுதான் உங்கள் பயண நேரம். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாள். அதில் நீண்ட பகுதி பெருங்குடலில்தான் கழிகிறது. சிறுகுடல் எடுத்தது போக மிஞ்சிய தண்ணீரை உறிஞ்சுவதும், நாம் செரிக்காத மென்மையான நாரைப் பாக்டீரியாக்கள் நொதிக்கவைப்பதும் அங்கேதான். கொண்டைக்கடலை சுண்டல் தின்ற அன்று வாயு பிரிவது அந்தப் பாக்டீரியாக்களின் வேலை. மலத்தில் ரத்தமோ தார் போன்ற கருமையோ தெரிந்தால் இந்த விளையாட்டை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

எனக்கு 29 மணி நேரம். நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழாத என் தம்பிக்கு 52. நேரத்தைக் காலண்டரில் பென்சிலால் குறித்துவைத்திருந்தோம். இது எதற்கு என்று விருந்தாளி ஒருவர் கேட்டபோது தம்பி எழுந்து உள்ளே போய்விட்டான்.